புதுப்பிப்பதாகச் சொன்ன ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால்: தனித்து ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவது ஒன்று. புதுப்பிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கையை விரிப்பது வேறொன்று. முதலாவதில் நாம் கேட்க அதிகம் இல்லை. 12 மாதம் என்று போட்ட ஒப்பந்தம் 12 மாதத்தோடு முடிந்தது. இரண்டாவதில் நிலைமை அப்படியல்ல. அந்த வார்த்தையை நம்பி வேறு ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லியிருப்போம், புதிய வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்போம், சில நாட்கள் வேலையும் செய்து கொடுத்திருப்போம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ‘நாம்தான் நிரந்தர ஊழியர் இல்லையே, என்ன கேட்க முடியும்’ என்று பேசாமல் விலகிவிடுகிறவர்கள் ஏராளம். அப்படி விலக வேண்டியதில்லை என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

மென்பொருள், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, பயிற்சி, தொழில்நுட்ப எழுத்து போன்ற துறைகளில், இந்திய நிறுவனங்களுக்குத் தங்கள் பெயரிலேயே இன்வாய்ஸ் கொடுத்து வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கன்சல்டன்ட், ஃப்ரீலான்சர், ஒப்பந்தப் பணியாளர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பெயர். நான் கோவையில் இருந்துகொண்டு 11 ஆண்டுகளாகத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதுகிறேன். ஆறாம் ஆண்டில் இது எனக்கே நடந்தது. மார்ச் 31-இல் முடிய வேண்டிய ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிப்பதாக, காலத்தையும் மாதக் கட்டணத்தையும் குறிப்பிட்டு, மார்ச் 18 அன்று மின்னஞ்சல் வந்தது. அன்றிரவே ‘ஏற்கிறேன்’ என்று பதில் எழுதினேன். ‘பர்ச்சேஸ் ஆர்டர் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்துவிடும், நீங்கள் தொடருங்கள்’ என்றார்கள்; தொடர்ந்தேன். ஏப்ரல் 9 மாலை இரண்டு வரியில் இன்னொரு மின்னஞ்சல்: நிதி ஒதுக்கீடு கிடைக்காததால் புதுப்பிப்பு திரும்பப் பெறப்படுகிறது, முந்தைய மின்னஞ்சலைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்குப் பிறகு நான் சரியாகச் செய்தவையும் தவறாகச் செய்தவையும்தான் கீழே வருபவற்றுக்கு அடிப்படை.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்களுக்குச் சம்பளச் சீட்டு வருகிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா? அப்படியானால் நீங்கள் பெரும்பாலும் ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் ஊழியர். வேலை செய்த இடம் கைவிட்டாலும் உங்கள் முதலாளி அந்த ஆள்சேர்ப்பு நிறுவனம்தான். நோட்டீஸ் காலம், நிலுவைச் சம்பளம் எல்லாவற்றையும் அங்கேதான் கேட்க வேண்டும். நீங்கள் இன்வாய்ஸ் கொடுத்து, அவர்கள் தொழில்முறைக் கட்டணத்துக்கான டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள் என்றால் மேலே படியுங்கள்.

முதல் நாள்: பேசாதீர்கள், சேமியுங்கள்

நான் செய்த பெரிய தவறு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்தது. மின்னஞ்சலைப் படித்த கையோடு மேலாளருக்கு போன் செய்தேன். அவரும் பாவம், சங்கடத்தில் இருந்தார். பேச்சின் முடிவில் மனம் வெறுத்து, ‘சரி, விடுங்கள் சார்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த நிறுவனத்தின் பதில் கடிதத்தில், ‘தொலைபேசியில் தாங்கள் இதற்கு இசைந்தீர்கள்’ என்ற வரி இருந்தது. அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே அன்று பதில் எதுவும் வேண்டாம். எழுதியே ஆக வேண்டும் என்று கை துடித்தால், ‘தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. ஆவணங்களைப் பார்த்துவிட்டு இரண்டு வேலை நாட்களில் பதில் எழுதுகிறேன்’ என்பதோடு நிறுத்துங்கள். அவர்கள் அழைத்தால் எடுங்கள், கேளுங்கள், ‘எழுத்தில் பதில் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். பேச்சு முடிந்ததும், ‘இன்று மாலை தாங்கள் தொலைபேசியில் கூறியவை இவை, நான் எதற்கும் இசைவு தெரிவிக்கவில்லை’ என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து ஆவணங்கள். நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியில்தான் எல்லாமே இருக்கிறது என்றால், கதவு எந்த நேரமும் அடைபடலாம். பழைய ஒப்பந்தம், அதன் இணைப்புகள், ஒர்க் ஆர்டர், புதுப்பிப்பைச் சொன்ன மின்னஞ்சல், உங்கள் பதில், ‘தொடருங்கள்’ என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தி, கொடுத்த இன்வாய்ஸ்கள், வேலையை ஏற்றுக்கொண்டதாக வந்த பதில்கள், நேரப் பதிவேடு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மின்னஞ்சலைப் படம் பிடித்து வைப்பதோடு நிற்காமல், தேதியும் அனுப்பியவர் முகவரியும் தெரிய பிடிஎஃப் கோப்பாகவும் சேமியுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் கைபேசியை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

இங்கே ஒரு எல்லை உண்டு. நீங்களும் நிறுவனமும் ஒப்பந்தம் பற்றி எழுதிக்கொண்டவைதான் உங்களுக்கு வேண்டியவை. மூல நிரல், வாடிக்கையாளர் பட்டியல், உள்வடிவமைப்புக் கோப்புகள் எதையும் சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்ற பழி வந்தால், உங்கள் நியாயம் முழுவதும் அதன் அடியில் புதைந்துபோகும். கோபத்தில் கோப்புகளை அழிப்பதும் கடவுச்சொல்லைத் தராமல் இழுத்தடிப்பதும் அப்படித்தான்.

அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் நான்கு நாள் மறைத்தேன். அந்த நான்கு நாட்களில் ஒரு நல்ல முடிவுகூட என்னால் எடுக்க முடியவில்லை.

ஒப்பந்தம் உருவாகிவிட்டதா, இல்லையா

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி மனதை அரிக்கும். ஆனால் அதற்கு விடை கிடைத்தாலும் உங்கள் கைக்கு எதுவும் வராது. ஆகவே தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: அவர்கள் முன்வந்தது எப்போது, நீங்கள் ஏற்றது எப்போது, அவர்கள் பின்வாங்கியது எப்போது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. முன்வைத்த யோசனையை, எதிர்த்தரப்பின் ஏற்பு முழுமையடைவதற்கு முன்பு வரை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு முடியாது. இது 5-ஆம் பிரிவு. நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்று எழுதி அது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பப் பெறுவது, யோசனையைத் திரும்பப் பெறுவதாகாது. உருவாகிவிட்ட ஒப்பந்தத்தை முறிப்பதாகும். அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டு எழுதினாலும் இதுதான் நிலை.

‘ஆனால் கையெழுத்திட்ட தாள் இல்லையே’ என்பார்கள். கையெழுத்துத் தாள் வந்தால்தான் ஒப்பந்தம் என்று இரு தரப்பும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த வாதம் செல்லும். அப்படி எதுவும் சொல்லாமல், முக்கிய அம்சங்கள் எல்லாம் மின்னஞ்சலிலேயே முடிவாகியிருந்தால் செல்லாது. ட்ரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: விலை, அளவு, காலம் போன்றவை மின்னஞ்சல் பரிமாற்றத்தில் முடிவாகிவிட்டால், முறையான ஒப்பந்தத் தாள் பிறகு கையெழுத்தாகாமல் போனதால் அந்த ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது. மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவும் சொல்கிறது.

இனி உங்கள் மின்னஞ்சல்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கண்ணோடு படியுங்கள். மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

ஒன்று, அவர்களுடைய மின்னஞ்சலில் ‘மேலிட ஒப்புதலுக்கு உட்பட்டு’, ‘நிதி ஒதுக்கீடு உறுதியானால்’ என்பது போன்ற சொற்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது முழு யோசனை அல்ல. விருப்பத்தைத் தெரிவித்த அளவில்தான் நிற்கும்.

இரண்டு, உங்கள் பதில். ‘ஏற்கிறேன், ஆனால் கட்டணத்தை 10 சதவீதம் கூட்டித் தர வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அது ஏற்பு ஆகாது. ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. நீங்கள் எழுதியது எதிர் யோசனை; அவர்கள் அதற்குச் சம்மதம் சொல்லும்வரை ஒப்பந்தம் இல்லை. பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே புதுப்பிப்பை இழந்த ஒரு நண்பரின் மின்னஞ்சலைப் படித்துப் பார்த்தபோது, அவருக்கு இதைச் சொல்ல எனக்கே வேதனையாக இருந்தது.

மூன்று, அனுப்பியவர் யார்? உங்களோடு வேலை செய்த குழுத் தலைவர் மட்டும் ‘நீங்கள் தொடர்வீர்கள்’ என்று சொல்லியிருந்தால் பலவீனம். முந்தைய ஆண்டு புதுப்பிப்பு எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதே முகவரியிலிருந்து இதுவும் வந்திருந்தால் பலம். முந்தைய புதுப்பிப்புகளின் மின்னஞ்சல்களையும் தேடி எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஒப்பந்தம் உருவாகவில்லை என்ற முடிவுக்கே வந்தாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். பழைய காலம் முடிந்த பிறகும் அவர்கள் கேட்டு நீங்கள் செய்து கொடுத்த நாட்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கான பணம் உங்களுக்கு உரியது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் முறையாகச் செய்து கொடுத்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. முறையான ஒப்பந்தம் இல்லாமலேயே அரசுத் துறைக்குக் கொட்டகைகளும் சாலையும் அமைத்துக் கொடுத்த ஒரு நிறுவனத்துக்கு, இந்தப் பிரிவின் கீழ் பணம் தர வேண்டும் என்று 1961-இல் மேற்கு வங்க அரசுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லை, அதனால் பணம் இல்லை’ என்று கணக்குப் பிரிவு சொல்வது அவர்களுடைய உள்விதி. அது உங்கள் உரிமையை அழிக்காது.

எவ்வளவு கேட்கலாம்

ஓராண்டு ஒப்பந்தம் முறிந்தது, ஆகவே 12 மாதக் கட்டணம் வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பழைய ஒப்பந்தத்தை எடுத்து, அதை முடித்துக்கொள்வது பற்றிய பத்தியைப் படியுங்கள். ‘எந்தத் தரப்பும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்’ என்று இருக்கும். அதே விதிமுறைகளில் புதுப்பித்ததாகத்தான் பெரும்பாலான மின்னஞ்சல்கள் சொல்லும். அப்படியென்றால் அவர்கள் முறையாகவே நடந்துகொண்டிருந்தாலும் 30 நாளில் உங்களை அனுப்பியிருக்கலாம். எனவே உங்கள் இழப்பும் பொதுவாக அந்த 30 நாள் கட்டணத்தை ஒட்டியே கணக்கிடப்படும். ஓராண்டுக் கட்டணம் கேட்டுக் கடிதம் எழுதினால் அவர்களுடைய சட்டப் பிரிவு அதை ஓரமாக வைத்துவிடும். ஒரு மாதக் கட்டணமும் வேலை செய்த நாட்களும் என்று துல்லியமாகக் கேட்டால் பேச வருவார்கள்.

முன்னறிவிப்புப் பத்தியே இல்லையென்றால் களம் விரிகிறது. அப்போதும் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி, முறிவிலிருந்து இயல்பாக எழுந்த இழப்பை மட்டுமே கேட்கலாம்; அந்த இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளும் கணக்கில் வரும். வேறு வேலை தேடாமல் ஓராண்டு உட்கார்ந்திருந்துவிட்டு முழுப் பணம் கேட்க முடியாது. வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்களை, பேசிய வாடிக்கையாளர்களை, தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். புதுப்பிப்பை நம்பி நீங்கள் மறுத்த வேலை ஏதேனும் இருந்தால், அந்த மறுப்பு மின்னஞ்சல் பொன் போன்றது.

மீண்டும் வேலையில் வைத்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடுமா? இடாது. தனிப்பட்ட திறமையைச் சார்ந்த ஒப்பந்தங்களையும், இயல்பிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தங்களையும் அப்படியே நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்த முடியாது. பணமாகத்தான் கேட்க முடியும்.

இரண்டு கணக்கையும் கலக்காதீர்கள்

பழைய ஒப்பந்தக் காலத்தில் முடித்துக் கொடுத்த வேலைக்கான நிலுவை ஒரு கணக்கு. திரும்பப் பெற்ற புதுப்பிப்புக்கான இழப்பீடு வேறொரு கணக்கு. முதலாவதில் தகராறுக்கே இடமில்லை. இரண்டாவது பேச்சுக்கு உரியது. இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிக் கேட்டால், ‘எல்லாவற்றையும் சேர்த்துப் பேசி முடிப்போம்’ என்று நிறுவனம் சொல்லும். உங்களுக்கு எப்படியும் வர வேண்டிய மார்ச் மாதப் பணமே பேரப்பொருளாகிவிடும். தனித்தனி மின்னஞ்சல், தனித்தனி தலைப்பு. நான் இந்த ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்தேன்.

நிலுவைக் கணக்கில் உங்களுக்குப் பெரிய துணை, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தனி ஆளாகச் சேவை செய்பவரும் அரசின் உத்யம் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம்; ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் போலித் தளங்கள் பல இருக்கின்றன, எச்சரிக்கை. பதிவு செய்தவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாள் எதுவாக இருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. 60 நாள், 90 நாள் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தாலும் செல்லாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். வேலையை ஒப்படைத்து 15 நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொல்லவில்லையென்றால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும்.

பணம் வரவில்லையென்றால், இந்தச் சட்டத்தின் கீழ் நிலுவைத் தகராறுகளைத் தீர்க்க அமைந்த வசதி மன்றத்தில் ஆன்லைனிலேயே மனுப் போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இவை இயங்குகின்றன. மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்திருந்தால்தான் உங்கள் நிலை பாதுகாப்பானது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லையென்றாலும், பதிவில்லாதவர் இன்றே பதிந்துவிடுங்கள்.

இன்னொரு நெம்புகோலும் உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் கொடுக்காத பணத்தை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் சேவையைப் பெற்ற நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் கணக்குப் பிரிவுக்கு இதை நினைவூட்டி மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள். அதுவரை பதில் சொல்லாதவர்கள்கூட அழைப்பார்கள்.

கடிதம்

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இழப்பீட்டுக் கடிதத்தை அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள், எப்படி மனம் புண்பட்டீர்கள் என்பதற்கு அதில் இடமில்லை. அதை நண்பரிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இப்படி இருக்கட்டும்:

“மார்ச் 18 அன்று தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில், ஏப்ரல் 1 முதல் 12 மாதங்களுக்கு, இன்ன மாதக் கட்டணத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்வந்தீர்கள். அதே நாளில் நிபந்தனையின்றி ஏற்றேன். தங்கள் அறிவுறுத்தலின்படி ஏப்ரல் 1 முதல் 9 வரை பணி செய்து, இணைப்பில் உள்ளவற்றை ஒப்படைத்தேன். ஏப்ரல் 9 அன்று தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலை, முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை முடித்ததாகவே கருதுகிறேன். ஒப்பந்தத்தின் இன்ன பத்தியின்படி 30 நாள் முன்னறிவிப்புக்கு உரிய தொகையையும், மேற்படி பணி நாட்களுக்கான கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் அளிக்கக் கோருகிறேன். இதைப் பேசித் தீர்க்க அணியமாக இருக்கிறேன். என் உரிமைகள் எதையும் இதனால் விட்டுக்கொடுக்கவில்லை.”

இதை மேலாளருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘அறிவிப்புகள் அனுப்ப வேண்டிய முகவரி’ என்று ஒரு பத்தி இருக்கும். அந்த முகவரிக்கு அஞ்சலில் ஒரு நகலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பேச வந்தால்

நல்ல கடிதத்துக்குப் பெரும்பாலும் ஓர் அழைப்பு வரும். பணம் மட்டுமே கேட்கும் பொருள் அல்ல. நிலுவையை ஏழு நாளில் தருவது, பணி அனுபவச் சான்று, செய்த வேலையை மாதிரியாகக் காட்ட அனுமதி, போட்டி நிறுவனங்களில் வேலை செய்யத் தடை விதிக்கும் பத்தியை நீக்குவது ஆகியவற்றையும் கேளுங்கள். இவற்றுக்கு அவர்களுக்குச் செலவே இல்லை, அதனால் எளிதில் கிடைக்கும். எனக்கு மார்ச் பணமும் ஏப்ரலில் வேலை செய்த நாட்களும் முழுதாக வந்தன; 30 நாள் கேட்ட இடத்தில் மூன்று வாரக் கட்டணத்துக்கு இறங்கி வந்தேன். நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய அந்த ஒரு வாரப் பணத்துக்காக, என் அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கையெழுத்துப் போடும் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘வழக்கமான படிவம்தான், போட்டுவிடுங்கள்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். எனக்கு வந்த தாளில் மேலே மடிக்கணினியின் எண்ணும் சார்ஜரும் பையும் பட்டியலிடப்பட்டிருந்தன. கீழே, சின்ன எழுத்தில், ‘எனக்கு வர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘பொருட்கள் ஒப்படைப்புக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அங்கேயே நின்று அந்தத் தாளைப் படமும் எடுத்துக்கொண்டேன். கூரியரில் அனுப்புவதானால் பொருளின் தொடர் எண் தெரியப் படம் எடுத்து, அனுப்பிய ரசீதோடு வையுங்கள். கோரிக்கை எதுவும் இல்லை என்ற தாளில், பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்திடலாம்.

செய்து கொடுத்த வேலையின் பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். தனித்து ஒப்பந்தத்தில் எழுதியவருக்கு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதித் தரவில்லையென்றால், எழுத்தும் நிரலும் அவருக்கே சொந்தம். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். பழைய ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகு செய்து கொடுத்த அந்தச் சில நாள் வேலைக்கு? இதை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள். ‘பணம் வந்ததும் அந்த நாட்களின் வேலைக்கும் உரிமை மாற்றம் எழுதித் தருகிறேன்’ என்று சொன்னால் போதும். விஷயம் தெரிந்த சட்டப் பிரிவு உடனே புரிந்துகொள்ளும்.

வரியில் இரண்டு பொறிகள்

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், நடக்காத மாதங்களுக்குக் கோபத்தில் இன்வாய்ஸ் எழுதிவிடாதீர்கள். இன்வாய்ஸ் எழுதினால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அதற்கான வரியை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இழப்பீட்டைக் கடிதத்தில் கேளுங்கள். செய்து முடித்த வேலைக்கு மட்டும் இன்வாய்ஸ். தவறி எழுதியிருந்தால், அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30-க்குள் கிரெடிட் நோட் (இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கும் ஆவணம்) கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, முன்கூட்டிக் கட்டும் வருமான வரி. ஆண்டு முழுவதும் வருமானம் வரும் என்று போட்ட கணக்கு இப்போது மாறிவிட்டது. ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று வரும் தவணைகளில் அடுத்ததைக் குறைந்த மதிப்பீட்டில் கட்டலாம். கையிருப்பு தேவைப்படும் மாதங்களில் இது சிறிய உதவி அல்ல. பிடித்த டிடிஎஸ் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். உறவு முறிந்த பிறகு அந்த நிறுவனத்தில் உங்களுக்காக அதைத் திருத்தித் தர யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த வேலை

‘ஒப்பந்தம் முடிந்த பிறகு ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது’ என்ற பத்தியைப் பார்த்துப் பலர் பயந்து நிற்கிறார்கள். ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு நீளும் தடைகளை இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ரகசியத்தைக் காக்கும் கடமை மட்டும் தொடரும்.

புதிய வாடிக்கையாளர் ‘அங்கே ஏன் நின்றுவிட்டது?’ என்று கேட்பார். ‘நிதி ஒதுக்கீடு மாறியதால் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றார்கள், வேலையில் குறை எதுவும் சொல்லவில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, செய்த வேலையைக் காட்டுங்கள். பழைய இடத்தைக் குறை சொல்லத் தொடங்கினால், நாளை நம்மைப் பற்றியும் இவர் இப்படிப் பேசுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

வழக்கு வரை போக வேண்டி வந்தால்

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பத்தி இருக்கிறதா, எந்த ஊர் நீதிமன்றம் என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், சாட்சிகள் வேலை மாறிப் போய்விடுவார்கள். 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகளில், அவசர உத்தரவு கேட்காத வழக்குகளுக்கு முன்கூட்டியே சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். அதற்குக் கீழான தொகைக்கு, உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. வழக்கறிஞரிடம் போகும்போது தேதி வரிசைத் தாளையும் ஆவணங்களையும் கோர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியும் ஆலோசனைக்கு நான்கு முறை அலைய வேண்டியிராது. வெளிநாட்டு நிறுவனம் என்றால், ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்ற வரிதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். சிறு தொகைக்கு அங்கே வழக்காடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி எழுதும் ஒப்பந்தத்தில்

புதுப்பிப்பா இல்லையா என்பதைக் காலம் முடிவதற்கு 30 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பப் பெற்றால் முன்னறிவிப்புக் காலக் கட்டணம் உண்டு. பதிப்புரிமை பணம் வந்த பிறகே மாறும். மின்னஞ்சல் வழி அறிவிப்பு செல்லும். இந்த நான்கையும் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் படிவத்தை மாற்ற மாட்டோம் என்பார்கள். அப்படியும் முதலாவதையாவது ஒரு மின்னஞ்சலில் உறுதிசெய்து வாங்கிவிடலாம். ஒப்பந்தம் தொடர்பான எல்லா மின்னஞ்சலுக்கும் உங்கள் சொந்த முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு ஒப்பந்தமும் கையெழுத்தாகும் நாளிலேயே, அது முடியும் தேதிக்கு 45 நாள் முந்தைய தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுகிறேன். அந்த நாள் காலையில், ‘புதுப்பிக்கும் எண்ணம் உண்டா? இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் தெரிவித்தால் என் அட்டவணையை ஒதுக்கி வைக்கிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் போகும். பி.ஓ. எண் வராமல் புதிய காலத்தின் முதல் நாள் வேலையை நான் தொடங்குவதில்லை. தொடங்கச் சொல்லி அவசரப்படுத்தினால், ‘இன்று முதல் பழைய கட்டண விகிதத்தில், நாள் கணக்கில் பணி தொடங்குகிறேன்’ என்று எழுதி, ‘சரி’ என்ற பதில் வந்த பிறகுதான் கோப்பைத் திறக்கிறேன்.